அறுப்பின் பண்டிகையில் ஏலம் வேண்டுமா?

செயற்குழு_தலைவலி | செவ்வாய், இரவு 9:20

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய்ப் பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை எங்களுடையது. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் சபையார். இன்று எல்லாரும் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளில் குடியிருந்தாலும், புதிதாக ஒருவர் வந்தால் "எந்தத் தோட்டம்?" என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு இந்த வருடம் திட்டம் போட்ட கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. சபையார் கொண்டுவரும் காய்கறி, கேக், கோழியை ஏலம் விடுவதை நிறுத்திவிடலாம். நன்றிக் காணிக்கையை உறையில் போடட்டும், முடிந்தவர்கள் கியூஆரில் தட்டிவிடட்டும். ஆராதனை முடிந்ததும் தேநீர் குடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடலாம். வாலிபர்கள் கைதட்டினார்கள். பெண்கள் ஐக்கியத்து அம்மாமார்களின் முகம் சுருங்கிவிட்டது. ஒரு தாத்தா எழுந்து, "ஏலம் இல்லையென்றால் அதற்குப் பெயர் பண்டிகை இல்லை, வசூல்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏலம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வெயிலில் இரண்டு மணி வரை இழுக்கிறது. ஒன்றிரண்டு பேர் குரல் உயர்த்திக் கேட்க, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆனாலும் முடிவெடுக்கும் முன் மற்ற சபைகளில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. பணத்துக்காகக் கேட்கவில்லை; கூரை போட்ட கடன் போன வருடமே தீர்ந்துவிட்டது. நன்றி சொல்ல வந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்பிப் போகிறார்களா என்பதுதான் என் கேள்வி. உங்கள் சபையில் அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது?

ஷிப்ட்காரி | செவ்வாய், இரவு 10:05

நிறுத்துங்கள் அண்ணே. கூலிமில் தொழிற்சாலை வேலை எனக்கு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விவரம். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு, அரசாங்க அலுவலகம் உண்டு. அதனால் எங்கள் சபையில் முக்கிய ஆராதனையே வெள்ளிக்கிழமை காலையில்தான். தீபகற்பத்தில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை கிடையாது. சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான். ஆனால் கெடாக்காரர்களுக்கு அது எப்படியும் வெள்ளிக்கிழமையாகவே வந்து தொலைக்கிறது, அந்த மட்டில் லாபம். ஈஸ்டர் அன்று பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள், அது வேறு விஷயம்.

சொல்ல வந்தது இதுதான். இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வேனில் இறங்கி, குளித்துவிட்டு ஆராதனைக்கு ஓடி வருகிறவளுக்கு, ஒரு பூசணிக்காயை அரை மணி நேரம் கூவி விற்பதை உட்கார்ந்து பார்க்கத் தெம்பு இருக்காது. கர்த்தர் கியூஆரையும் ஏற்றுக்கொள்வார்.

மங்கு_கழுவி | புதன், காலை 6:10

தங்கச்சி ஷிப்ட்காரி, தூக்கம் கெட்ட கஷ்டம் தெரியும். விடியாத இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்றவர்கள் நாங்கள். நீ வீட்டுக்குப் போய்ப் படு, உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏலத்தை விட்டுவிடு, அதை ஒன்றும் செய்யாதே.

அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தோட்டத்தில் 'அறுப்பு' என்று எங்களுக்குச் சொந்தமாக என்ன இருந்தது? நிரை நிரையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டினோம். மங்கில், அதாவது மரத்தில் மாட்டிய கிண்ணத்தில், வடிந்த பால் கம்பெனிக்கு. மங்கின் அடியில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலும் கம்பெனிக்குத்தான், அதை எடை போட்டு நமக்குக் காசு கொடுப்பார்கள். வீடு கம்பெனி வீடு. கெடாவின் நெல் விவசாயிகள் மழைக்கு ஜெபிப்பார்கள். நாங்கள் மழை வேண்டாம் என்று ஜெபிப்போம். காலையில் மழை பிடித்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை. ஆண்டவர் யார் பேச்சைத்தான் கேட்பார், பாவம்.

நம்முடையது என்று சொல்ல, லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஒரு துண்டு மண் இருந்தது. அதுவும் சொந்தமில்லை, சும்மா விட்டுவைத்திருந்தார்கள். அதில் மரவள்ளி, கத்தரி, பாகல், வேலி ஓரமாக முருங்கை, நாலு கோழி. பண்டிகைக்கு முதல் நாள் சாயந்திரம் இருப்பதிலேயே நல்லதைப் பறித்துக் கழுவி, வாழை இலையில் அடுக்கி, விடியற்காலையில் ஆலயத்து முன்படியில் கொண்டுபோய் வைப்போம். கையில் ஒட்டுப்பால் நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் வைப்போம்.

பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் பீர்க்கங்கொடியில் ஒரே ஒரு காய்க்கு மட்டும் பழந்துணி கட்டி வைத்திருப்பார். பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது. "அது ஆண்டவர் காய்" என்பார். காய் முற்றுவதற்குள் பண்டிகை வந்துவிட வேண்டுமே என்று தினமும் அதைப் போய்ப் பார்ப்பார். ஒரு வருடம் போதகர் ஐயா வர முடியாமல் பண்டிகை தள்ளிப்போனது. காய் முற்றி நாராகிவிட்டது. அம்மா விடவில்லை, அதையேதான் கொண்டுவந்தார். ஏலம் விட்ட கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா, அதைத் தூக்கிப் பிடித்து, "அம்மா வீட்டுப் பீர்க்கு! இன்றைக்குக் கூட்டு, நாளைக்கு முதுகு தேய்க்க நார்! ஒரு தரம்!" என்று கூவினார். சிரிப்பு அடங்க நேரமாகிவிட்டது. மூன்று வெள்ளிக்கு, மூன்று ரிங்கிட்டுக்கு, போனது. அப்போது அது சின்னத் தொகை இல்லை. எடுத்தவர் அதை மறுபடியும் மேசையில் வைத்தார். இன்னொருவர் எடுத்தார். அவரும் வைத்தார். அந்தக் காய் மேசைக்கும் கூட்டத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கையில் காசு இல்லாதவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார்கள், சம்பள நாளில் கட்டுவார்கள். கட்டாதவர்களை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கியூஆர் என் காசை வாங்கிக்கொள்ளும். அந்தப் பீர்க்கங்காயை வாங்குமா?

எதிர்வீட்டுக்காரன் | புதன், மதியம் 1:30

நான் இந்து. எங்கள் ஊர்ச் சபை ஆலயத்துக்கு எதிர்வீடு. வேறு சபைதான், ஆனாலும் இதில் எனக்கும் பங்கு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா இருந்தவரை ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னாள் திருவிழாவுக்கு எங்களை அழைத்துப்போவார். 26-ஆம் தேதி திருநாள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வெளியே கடலை வாங்கித் தின்றுவிட்டு வருவோம். கூட்டத்தில் யார் யார் என்ன மதம் என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் கோயில் திருவிழாவுக்குச் சபைக்காரர்களும் வந்து அன்னதானத்தில் காய் நறுக்கிவிட்டுப் போவார்கள்.

ஆராதனைக்கு வா என்று கூப்பிட்டால் எனக்குக் கொஞ்சம் கூச்சம். எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது என்று தெரியாது. ஏலம் என்றால் யாரும் கூப்பிடவே வேண்டாம், சத்தம் கேட்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். போன தடவை பழக் கேக்குக்கும் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்க்கும் போட்டி போட்டுத் தோற்றேன். இந்தத் தடவை ஊறுகாயை விடமாட்டேன்.

கடைசி_பெஞ்சு | புதன், இரவு 9:00

எல்லாரும் பழைய நினைவில் மிதக்கிறீர்கள். நான் வேறு ஊர், வேறு சபை. எனக்கு நினைவிருக்கும் ஏலத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா தவறிய வருடம். அம்மா ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. பண்டிகைக்கென்று ஐந்து வெள்ளி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். முதலில் வந்தது ஒரு சீப்பு வாழைப்பழம். ஆரம்ப விலையே இருபது. ஒரு குத்தகைக்காரர் எடுத்த எடுப்பில் இருநூறு என்றார். மைக்கில் அவர் பெயர், அவர் வீட்டார் பெயர், கம்பெனிப் பெயர் எல்லாம் சொல்லி, கர்த்தர் இரட்டிப்பாகக் கொடுப்பார் என்று வாழ்த்தினார்கள். அதற்குப் பிறகு வந்த எந்தப் பொருளும் ஐந்து வெள்ளிப் பக்கமே இறங்கவில்லை. அம்மா முடிச்சை அவிழ்த்து, அந்தக் காசைப் பெட்டியில் போட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அடுத்த வருடம் அன்றைக்குத் துணி நிறைய இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைக் கவனித்துச் சொன்ன இயேசுவின் பெயரில் நடக்கிற பண்டிகை இது. அன்று அம்மாவை அங்கே யாரும் கவனிக்கவில்லை. ஆகவே நிறுத்தலாம் என்பதே என் ஓட்டு.

செயற்குழு_தலைவலி | புதன், இரவு 9:40

கடைசி பெஞ்சு, எங்கள் கூட்டத்தில் எல்லாரும் நேரத்தைப் பற்றியே பேசினோம். நீங்கள் சொன்னதை யாரும் எடுக்கவில்லை. போன வருடம் எங்கள் ஏலத்தில் யார் யார் எதுவும் வாங்காமல் போனார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சில முகங்கள் வருகின்றன. மேலே எழுதுங்கள், எல்லாரும்.

ஓய்வு_வாத்தியார் | வியாழன், காலை 8:45

சரி, இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. வேதத்தில் ஏலம் கிடையாது, முதலில் அதைச் சொல்லிவிடலாம். நாம் கொண்டாடும் வடிவத்தில் அறுப்பின் ஆராதனை 1843-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், மார்வென்ஸ்டோ என்ற கிராமத்தில், ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர் தொடங்கியது. மிஷனரிமார் மூலம் பரவியது. திருநெல்வேலிப் பக்கம் சபைகளில் இன்றும் அசனம் என்று ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து உண்டு. ஆக, ஏலத்தை வைத்தாலும் எடுத்தாலும் விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

வேதத்தில் இருப்பது வேறு. உபாகமம் 26-இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவரச் சொல்கிறது. கூடையை வைத்ததும் தன் முன்னோர் ஊர்விட்டு ஊர் போய்ப் பரதேசியாய்த் தங்கி, அடிமை வேலை செய்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சந்தோஷம். அதுவும் தனியாக இல்லை, லேவியனும் உன்னோடிருக்கிற பரதேசியும் சேர்ந்து. கப்பலில் வந்த நம் பாட்டன் பூட்டன் கதையை எந்தப் பண்டிகையில் யார் சொல்கிறார்கள்? மங்கு கழுவி ஐயா எழுதியதை அப்படியே ஆராதனையில் வாசிக்கலாம்.

இன்னொன்று. நெகேமியா 8:10-ஐ எல்லார் வீட்டுக் காலண்டரிலும் பார்த்திருப்பீர்கள், கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே நம் பெலன் என்று. அந்த வசனத்தின் முன்பாதியைக் காலண்டர் போடுவதில்லை. போய் நல்லதைச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று அதே வசனம் முதலில் சொல்கிறது. நம் ஏலத்தில் இந்தப் பங்கு எங்கே? கடைசி பெஞ்சின் தாயாருக்கு அன்று யாராவது அந்த வாழைப்பழத்தில் இரண்டைப் பிய்த்துக் கையில் கொடுத்திருந்தால் அவர் அடுத்த வருடமும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தே_ஓ_கோசோங் | வியாழன், இரவு 11:15

வாத்தியார் பாதி வசனம் என்றாரே, இன்னொரு பாதி என்னிடம் இருக்கிறது.

எனக்கு ஏலத்தைவிடச் சாட்சி நேரம்தான் தொல்லை. சுங்கைப்பட்டாணியில் எங்கள் சபையில் நன்றி சொல்ல எழுந்திருப்பவர்கள் எல்லாம் வீடு வாங்கியவர்கள், மகனுக்கு எட்டு ஏ வந்தவர்கள், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தவர்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை, கைதட்டுவேன். ஆனால் போன மாதம் நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு. வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நான் எதைச் சொல்லி எழுந்திருப்பது?

ஆபகூக் மூன்றாம் அதிகாரக் கடைசியை எடுத்துப் பாருங்கள். "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அந்த மனுஷன் கணக்குக் கொடுக்கிறான்: அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சையில் பழமில்லை, ஒலிவமரம் ஏமாற்றிவிட்டது, வயலில் தானியமில்லை, கிடையில் ஆடில்லை, தொழுவத்தில் மாடில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மகிழ்ச்சி என்ற பேச்சே வருகிறது. அந்த இல்லைகளைச் சொல்ல எங்கள் மைக்கில் நேரம் கிடையாது. சொன்னால் விசுவாசக் குறைவு, ஜெபிக்கிறோம் பிரதர் என்று முதுகில் தட்டிவிடுவார்கள். இல்லை என்று சொல்ல இடம் இருந்தால், உண்டு என்று சொல்லவும் வாய் வரும் போலிருக்கிறது எனக்கு.

ஷிப்ட்காரி | வெள்ளி, காலை 7:35

அண்ணே தே ஓ, இப்போதுதான் வேன் இறங்கினேன், தூங்கும் முன் எழுதுகிறேன்.

முதலில் காரியம். சொக்சோவில், அதான் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதி இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். நிறுத்தற் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் பத்திரமாக வையுங்கள். எங்கள் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள். தனி மடல் போட்டிருக்கிறேன், பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளிதான், சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். ஓவர்டைம் சேர்ந்தால் பரவாயில்லை.

அப்புறம் வீட்டில் சொல்லிவிடுங்கள். அண்ணிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

நான் ஏலம் வேண்டாம் என்றவள், இன்னும் அதேதான். ஆனால் எனக்குச் சபையில் கிடைத்த சந்தோஷம் மைக் பக்கம் கிடைத்ததில்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் எங்கள் பக்கத்து பிளாக் அத்தை, சபைக்காரர், என் வீட்டுக் கம்பிக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டுப் போவார். உள்ளே டிபன் கேரியரில் ரசமும் சோறும், சில நாள் சம்பால் போட்ட முட்டை. கதவைத் தட்ட மாட்டார், எழுப்பக்கூடாதாம். கேரியரைக் கழுவி அவர் கதவில் மாட்டுவேன். பல நாள் நாங்கள் முகம் பார்ப்பதே இல்லை. இதை எந்தச் சாட்சியில் சொல்ல?

தே_ஓ_கோசோங் | வெள்ளி, காலை 8:10

மடல் பார்த்தேன் தங்கச்சி. நன்றி. சொக்சோ விஷயம் எனக்குத் தெரியாது.

அத்தை கதையை எங்கள் சபைச் சாட்சி நேரத்தில் சொன்னால், முதல் ஆளாக நான் எழுந்து ஆமென் சொல்வேன்.

மங்கு_கழுவி | வெள்ளி, மாலை 5:50

வாத்தியார் பரதேசி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. இப்போது தோட்டத்தில் நம் ஆட்கள் எங்கே? ரப்பரை வெட்டிச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, போட்டார்கள், நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். நாம் இருந்த இடத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியும் நேப்பாளியும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு பையன் புளோரஸ் தீவுக்காரன். அந்தத் தீவில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்தான். அவர்கள் ஆலயம் தூரம் என்று எங்கள் சபைக்கு வந்துகொண்டிருக்கிறான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ராகத்தை மட்டும் பாடுவான்.

போன பண்டிகைக்கு அவன் வெறுங்கையோடு வரவில்லை. உதிரிப்பழம் ஒன்றைக்கூட வெளியே எடுத்துவர முடியாது, அது கம்பெனிச் சொத்து. ஆனால் வெட்டிப்போட்ட மட்டையை யாரும் கேட்பதில்லை. அதில் ஈர்க்கைச் சீவிச் சீவி எடுத்துக் காயவைத்து, பிரம்பு வளையம் போட்டு இறுக்கி, ஆறு விளக்குமாறு கட்டிக் கொண்டுவந்தான். எங்கள் பெண்கள் ஐக்கியம் ஏலத்தில் சண்டை போட்டு வாங்கியது. கடையில் விற்பது ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும், இது இன்னும் என் வீட்டு வாசலைப் பெருக்குகிறது. அவனுக்கு ஏலம் புரியவில்லை. யார் எவ்வளவு சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றான். அன்றைக்குப் பிறகு ஆராதனை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் அவனுக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். அதற்கு முன்பெல்லாம் ஓரமாக நிற்பான்.

எங்களுக்கு லயத்துப் பின்னால் மண் இருந்தது போல அவனுக்கு மட்டை. ஏலம் இல்லாமல் காணிக்கைப் பெட்டி மட்டும் இருந்தால் அவன் என்ன கொண்டுவந்திருப்பான்?

கடைசி_பெஞ்சு | வெள்ளி, இரவு 8:30

விளக்குமாறு எனக்கும் வேண்டும், எங்கே கிடைக்கும் ஐயா?

ஏலம் நடத்துவதானால் மைக்கில் பெயர் சொல்லாதீர்கள். ஆரம்ப விலை ஒரு வெள்ளி. இந்த இரண்டுக்கும் ஒத்துக்கொண்டால் என் ஓட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கூட்டிக்கொண்டு வந்து காட்டுவேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க மாட்டேன்.

செயற்குழு_தலைவலி | அடுத்த வெள்ளி, மதியம் 3:00

இன்று ஆராதனைக்குப் பின் செயற்குழு கூடியது. இந்த இழையில் சிலதை அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்தேன், பெயர்கள் இல்லாமல்.

ஏலம் இருக்கிறது. வீட்டில் விளைந்தது, வீட்டில் செய்தது மட்டும். பேரங்காடியில் வாங்கிய ஹாம்பர் வேண்டாம் என்று அம்மாமார்களே சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளியில் தொடங்கும். மைக்கில் பெயர் கிடையாது. இதற்கு ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவரிடம் தனியாகப் பேச வேண்டும், எப்படி என்று இன்னும் தெரியவில்லை. ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். திரும்பி மேசைக்கு வருகிற பொருட்களையெல்லாம் பைகளில் போட்டு, வர முடியாதவர்கள் வீட்டுக்கு வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவார்கள். ஷிப்டில் இருப்பவர்களுக்கும் பை போகும், கம்பிக் கதவில் மாட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். தட்டக்கூடாது என்றும்.

கியூஆரும் இருக்கும், ஓர் ஓரத்தில்.

சாட்சி நேரத்தில் இந்த வருடம் கைக்கு வராததைச் சொல்லவும் அனுமதி உண்டு என்று போதகர் ஐயா அறிவிக்கப்போகிறார். யாராவது எழுந்திருப்பார்களா என்று பார்க்க வேண்டும். தே ஓ அண்ணன் சுங்கைப்பட்டாணியிலிருந்து வருவதானால் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

தே_ஓ_கோசோங் | அடுத்த வெள்ளி, மாலை 4:20

வருகிறேன். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. வீட்டில் சொல்லிவிட்டேன். தங்கச்சி சொன்னது சரிதான், அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

எதிர்வீட்டுக்காரன் | அடுத்த வெள்ளி, மாலை 6:00

உங்கள் ஊர் ஏலத்துக்கு வெளியூர் ஆள் வரலாமா? ஊறுகாய் உண்டா? கோழி ஏலம் உண்டா?

செயற்குழு_தலைவலி | அடுத்த வெள்ளி, மாலை 6:15

தாராளமாக வாருங்கள். ஊறுகாய் நிச்சயம் உண்டு. கோழியும் உண்டு, ஆனால் கொண்டுவருபவர்கள் கூண்டோடு கொண்டுவர வேண்டும். போன வருடம் இரண்டு சேவல் பாடகர் குழுவுக்குள் புகுந்து, கடைசிப் பாட்டை இரண்டாம் சரணத்தோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது.